தானே அச்சிட்ட நூலும் உள்ளூர்ப் பேட்டியும்

நூல் எழுதுவது எளிதன்று. எழுதியதை அச்சேற்றுவது அதைவிடக் கடினம். அச்சேறிய நூலைப் படிப்பவர் கையில் சேர்ப்பதோ இவ்விரண்டையும் விடக் கடினம். முதல் இரண்டையும் செய்து முடித்தவர்கள் பலர் மூன்றாவதில் தளர்ந்து விடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கட்டிலின் அடியிலும் பரண் மேலும் நூற்கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. அச்சுக்கூலிக்காக வைத்த நகை அடகுக்கடையில் இருக்கும். நூலோ கரையானுக்கு இரையாகும். இதனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு வீணாவதோடு, அந்த நூலைப் படித்துப் பயன்பெற வேண்டிய ஊரும் இழப்புக்கு உள்ளாகிறது.

இக்காலத்தில் கணினி அச்சின் உதவியால் ஐம்பது படிகளைக்கூட அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஆகவே தம் சொந்தச் செலவில் நூல் வெளியிடும் ஆசிரியைகளும் தாய்மார்களும் ஓய்வு பெற்றோரும் பெருகி வருகின்றனர். நாளை நம் மாணவியரும் அவ்வாறு வெளியிடக்கூடும். பெரிய பதிப்பகத்தாருக்கு விளம்பரத்துக்குப் பணமும் ஊருக்கு ஊர் விற்பனையாளரும் உண்டு. தானே அச்சிட்டவருக்கு அவை இல்லை. அவருக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவை உள்ளூர்ப் பத்திரிகை, வானொலி, கேபிள் தொலைக்காட்சி ஆகியவையே. அவற்றில் வெளிவரும் ஒரு பேட்டி நூலுக்கு என்ன செய்யும், அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தன்னைத்தான் புகழலாமா?

பேட்டி என்றதும் நம் பெண்கள் தயங்குவதற்கு முதற் காரணம் கூச்சம். "என் புத்தகத்தைப் பற்றி நானே பேசுவதா? ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். இந்தக் கேள்வி புதியதன்று. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இதற்கு விடை கூறியிருக்கிறார். எத்தனை அரிய நூலைச் செய்தாலும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்பது அவர் கூறும் பொது விதி. ஆகவேதான் நூலின் பாயிரத்தை ஆசிரியரே எழுதாமல், அவருடைய ஆசான், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவர் எழுதுவது மரபாயிற்று.

ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை; நான்கு விலக்குகளையும் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோதும், எதிரி தம்மைப் பழித்தபோதும் புலவர் தம்மைப் பற்றித் தாமே கூறலாம் என்கிறார். தானே அச்சிட்ட நூலாசிரியர் இரண்டாவது நிலையில் அல்லவா நிற்கிறார்? அவர் இன்னார், இன்ன நூல் செய்திருக்கிறார் என்பதை ஊர் அறியாது. அறியாதவரிடம் அறிவிப்பது தற்புகழ்ச்சி ஆகாது. அறிவிப்பும் புகழ்ச்சியும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கூச்சம் போய்விடும். "இது மிகச் சிறந்த நூல்" என்பது புகழ்ச்சி. "இந்நூலில் நம் பகுதியின் முந்நூறு நெசவுச் சொற்கள் உள்ளன" என்பது அறிவிப்பு.

முன்னோர் சென்ற வழி

பழங்காலத்தில் அரங்கேற்றம் என்பதே நூலை ஊரறியச் செய்யும் வழியாக இருந்தது. கற்றோர் கூடிய அவையில் ஆசிரியர் நூலைப் படிப்பார்; கேட்பவர்கள் ஐயம் எழுப்புவார்கள்; அவர் விடை கூறுவார். இன்றைய பேட்டியும் ஏறக்குறைய இதுவே. நிருபர் ஒருவர் அவையின் இடத்தில் அமர்ந்து கேட்கிறார். ஊரார் பிறகு படித்துக்கொள்கிறார்கள்.

அச்சு வந்த பின் நிலைமை மாறியது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்குவதாக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்று அச்சுச் செலவைச் சமாளித்தார். மகாகவி பாரதியார் தம் நூல்களை வரிசையாக வெளியிட எண்ணி 1920-இல் பொருளுதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். அத்திட்டம் கைகூடுமுன்பே 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். எழுத்து எவ்வளவு உயர்ந்ததாக இருப்பினும், அதை வாங்குவோரிடம் கொண்டு சேர்க்கும் வழி வேறாகத் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட வருத்தமான சான்று வேண்டுவதில்லை.

பெண்களுள் வை. மு. கோதைநாயகி அம்மாளின் வரலாறு மாணவியர் அறிய வேண்டிய ஒன்று. 1901-இல் பிறந்த அவர் பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிந்துவிட்டது. தொடக்கத்தில் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரை எழுத வைத்தே கதை புனைந்தார். 1925-இல் 'ஜகன்மோகினி' என்னும் இதழைத் தாமே ஏற்று, அதில் தம் நாவல்களை வெளியிட்டார். அவர் எழுதிய நாவல்கள் 115. அவர் சிறந்த மேடைப் பேச்சாளராகவும் விளங்கினார். பேச்சும் இதழும் அவருடைய நூல்களுக்கு இரு கரங்களாக உதவின.

சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற இதழைத் தொடங்கியவர். எழுத்துப் பிரசுரம் என்ற பெயரில் நூல்களும் வெளியிட்டார். புத்தகப் பையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் பேசி விற்றார். முதுமையிலும் ஓயாமல், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தாமே வெளியிட்டார். 1998-இல் அவர் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு 2001-ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது.

வடநாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மராட்டிய மாநிலத்தின் அமராவதி மாவட்டத்தில் பிறந்த லட்சுமண் ராவ், டெல்லியில் நடைபாதையில் தேநீர் விற்றுக்கொண்டே இந்தியில் நாவல்கள் எழுதினார். பதிப்பகத்தார் அவரைத் திருப்பி அனுப்பினர். 1979-இல் தம் சேமிப்பைக் கொண்டு முதல் நாவலைத் தாமே அச்சிட்டார். சைக்கிளில் நூல்களைக் கட்டிக்கொண்டு பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்று விற்றார். 1984-இல் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்திக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. பத்திரிகைகள் அவரைப் பேட்டி கண்டு எழுத எழுத, 'தேநீர் விற்கும் எழுத்தாளர்' என்று நாடே அவரை அறிந்தது. அவர் நூல்கள் இருபதுக்கும் மேற்பட்டவை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்கு முதலில் உதவியவை சைக்கிளும் நடையுமே. பேட்டி பின்னால் வந்தது. உழைப்பு இல்லாத இடத்தில் பேட்டிக்கு விஷயம் ஏது?

வாய்மொழியின் வலிமையை அறிய நாம் டெல்லி வரை போக வேண்டியதும் இல்லை. நம் திருத்தணி மலைக்கு ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள் உண்டு. புத்தாண்டையொட்டிப் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறும் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஏட்டுச் சுவடிகளில் சிதறிக் கிடந்த திருப்புகழ்ப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சிட்டவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. அச்சிட்டவர் ஒருவர், வாயால் பரப்பியவர் வேறொருவர். இரு பணியும் சேர்ந்தபோதுதான் அப்பாடல்கள் எளிய மக்களிடம் நிலைபெற்றன.

உள்ளூர்ப் பத்திரிகை எவ்வாறு இயங்குகிறது?

பேட்டி கேட்டுப் போகுமுன் பத்திரிகையின் நடைமுறையை அறிவது நல்லது. பெரிய தமிழ் நாளிதழ்கள் பல ஊர்களில் அச்சாகின்றன. மாவட்டச் செய்திகளுக்கெனத் தனிப் பக்கங்களும் ஒதுக்குகின்றன. தெலுங்கில் 1974-இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்ட 'ஈநாடு', மாவட்டந்தோறும் தனி இணைப்பு வெளியிட்டு இவ்வகைச் செய்திக்குப் பெருஞ் செல்வாக்கைத் தேடித் தந்தது. இப்பக்கங்களை நாள்தோறும் நிரப்பியாக வேண்டும். அப்பொறுப்பு ஊரில் உள்ள பகுதிநேர நிருபருடையது. திருட்டு, விபத்து, திருவிழா, அரசு விழா என்று ஓடிக்கொண்டிருக்கும் அவருக்கு நல்ல செய்தி ஒன்று தேடி வந்தால் மகிழ்ச்சியே. ஆகவே ஏதோ யாசிக்கப் போவதாக நினைக்க வேண்டாம். அவருக்குச் செய்தி தேவை. நமக்கு அறிவிப்பு தேவை.

ஆனால் 'நூல் வெளிவந்தது' என்பது மட்டும் செய்தி ஆகாது. நாள்தோறும் எத்தனையோ நூல்கள் வெளிவருகின்றன. நம் ஊரைப் பற்றியது, நம் ஊராரால் எழுதப்பட்டது, இதுவரை எழுத்தில் வராதது என்று ஏதேனும் ஒரு தொடர்பு வேண்டும். சென்னையில் நான்கு வரிகூடப் பெறாத நூல் திருத்தணியில் அரைப்பக்கம் பெறுவது இதனால்தான்.

நாம் எல்லையூரில் வாழ்வதும் ஒரு வசதியே. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எனினும் நம் தெருக்களில் தமிழும் தெலுங்கும் இன்றும் அக்கம்பக்கமாகவே வாழ்கின்றன. தமிழில் எழுதிய நூலுக்கு ஒரு பக்கத் தெலுங்குக் குறிப்பும் எழுதி வைத்தால், நகரி, புத்தூர், திருப்பதி வரை செய்தி செல்ல வழியுண்டு. அக்குறிப்பை வீட்டில் தெலுங்கு பேசும் தோழி ஒருத்தியே எழுதிக் கொடுக்கலாம்.

வானொலியின் முறை வேறு. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியது முதல் பேச்சு, உரையாடல், நூல் அறிமுகம் ஆகியவை அதன் நிகழ்ச்சிகளில் இடம்பெற்று வந்துள்ளன. வானொலிக்கு நேரில் ஓடிச் சென்று கேட்பதைவிட, நூலின் ஒரு படியையும் சிறு கடிதத்தையும் நிகழ்ச்சிப் பிரிவுக்கு அனுப்பிக் காத்திருப்பதே முறை. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பண்பலை நிலையத்துக்குப் பின் சமுதாய வானொலிகளும் பல தோன்றியுள்ளன. அவை தம் வட்டார மக்களின் குரலுக்காகவே ஏற்பட்டவை. ஆகையால் புதியவருக்கு அங்கு இடம் கிடைப்பது எளிது.

எட்டுக் கேள்விகளும் ஒரு தாளும்

நிருபரிடம் செல்லும்போது நூலோடு ஒரு தாள் குறிப்பும் எடுத்துச் செல்ல வேண்டும். அதில் என்ன எழுதுவது? மீண்டும் நன்னூலையே துணை கொள்வோம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டுச் செய்திகளைப் பாயிரம் கூற வேண்டும் என்பது இலக்கணம். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கூறுவோரும் உண்டு. இப்பதினொன்றுக்கும் விடை எழுதிவிட்டால் எந்த நிருபரும் கேட்கக்கூடிய கேள்விகள் அநேகமாக அடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் நெசவாளர் குடும்பத்துப் பாட்டி ஒருவர், தறியடியில் வழங்கும் சொற்களைத் தொகுத்து 300 படிகள் அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆக்கியோன் யார்? நாற்பது ஆண்டுகள் தார் சுற்றியவர். வழி எது? மாமியாரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டறிந்தது. எல்லை எது? தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வட்டாரம். யாப்பு எத்தகையது? சொல்லும் பொருளுமாக, படத்தோடு அமைந்த தொகுப்பு. நுதலிய பொருள் என்ன? தமிழில் பாவு, ஊடை என்றும் தெலுங்கில் படுகு, பேக என்றும் வழங்கும் இருமொழிச் சொற்கள். கேட்போர் யார்? நெசவை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளைகள். பயன் என்ன? கைத்தறி ஓசை நின்றாலும் அதன் சொற்கள் நில்லாமல் காப்பது. காரணம் என்ன? பேத்தி ஒருநாள் "நாடா என்றால் என்ன, பாட்டி?" என்று கேட்டது.

இந்தக் கடைசி விடையைத்தான் நிருபர் முதல் வரியாக எழுதுவார். ஏனெனில் அதில் ஒரு மனிதரும் ஓர் இழப்பும் இருக்கின்றன. எட்டையும் எழுதி, அவற்றுள் மனத்தைத் தொடுவது எதுவென்று கண்டு, அதைத் தாளின் தலைப்பில் வைக்க வேண்டும். பக்க எண்ணிக்கை, விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றைத் தாளின் அடியில் தெளிவாகக் குறிக்க வேண்டும்.

பேசும் முறை

பேட்டி நிகழும்போது நினைவில் கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, சுருக்கம். ஐந்து நிமிட வானொலிப் பேட்டியில் மூன்று விஷயங்களுக்கு மேல் கேட்பவர் மனத்தில் நில்லா. அம்மூன்றும் எவை என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு தங்கையையோ தோழியையோ கேள்வி கேட்கச் சொல்லி இரண்டு நாள் பழகினால் போதும்.

இரண்டாவது, எளிமை. 'தினத்தந்தி' நிறுவனர் சி. பா. ஆதித்தனார், பாமர மக்களுக்கும் புரியும் சொற்களிலேயே செய்தி எழுத வேண்டும் என்று தம் நிருபர்களுக்கு வற்புறுத்தி வந்தார். எழுத்துக்கு அது பொருந்துமானால் பேச்சுக்கு எவ்வளவு பொருந்தும்! 'சமூகப் பண்பாட்டுத் தளத்தில்' என்று தொடங்குவதைவிட 'எங்கள் தெருவில்' என்று தொடங்குவது நன்று.

மூன்றாவது, உண்மை. 'இவ்வகையில் இதுவே முதல் நூல்' என்று உறுதியாகத் தெரியாமல் கூறலாகாது. மறுநாளே ஒருவர் பழைய நூலொன்றைக் காட்டினால், நூலின் மற்றச் செய்திகளையும் ஊர் நம்பாது. தெரியாததைக் கேட்டால் 'அதை நான் ஆராயவில்லை' என்று சொல்வதில் இழிவில்லை.

நான்காவது, நன்றி. தகவல் சொன்னவர், படம் வரைந்தவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயரைப் பேட்டியில் சொல்ல வேண்டும். நிருபர் அவற்றை வெட்டிவிட்டாலும் நம் கடமை தீரும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. பெண்கள் தம் வீட்டு முகவரியையும் சொந்தக் கைபேசி எண்ணையும் பத்திரிகையில் தர வேண்டியதில்லை. ஊரில் உள்ள புத்தகக் கடையின் பெயரையோ, நூலுக்கெனத் தனியாக வைத்துக்கொண்ட எண்ணையோ தரலாம். பேட்டியின்போது வீட்டார் ஒருவர் உடனிருப்பதும் நல்லது.

காசுக்குப் பேட்டி வேண்டாம்

ஓர் எச்சரிக்கையும் அவசியம். 'இவ்வளவு கொடுத்தால் பேட்டி போடுகிறோம்' என்று சிலர் அணுகக்கூடும். பணம் கொடுத்துப் போடுவது விளம்பரம். விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறித்துப் போட்டால் அதில் தவறில்லை. அதையே செய்தி போலக் காட்டுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும். இப்பழக்கம் தேர்தல் செய்திகள் வரை பரவியதால் இந்தியப் பத்திரிகை மன்றமே இதுபற்றி ஆராய்ந்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. நூலுக்கு மதிப்பைத் தேடித் தருவது, வேறொருவர் தாமாக அதைப் பாராட்டுவதே. விலைக்கு வாங்கிய பாராட்டில் அந்த மதிப்பு இல்லை. அந்தப் பணத்தில் இருபது படிகளைப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்தால் நிலைத்த பயன் உண்டு.

பேட்டி வந்த பிறகு

பேட்டி காலையில் வெளிவந்தால் மாலைக்குள் நாலு பேராவது நூலைக் கேட்பார்கள். அப்போது நூல் கிடைக்கவில்லையென்றால் எல்லாம் வீண். எனவே பேட்டிக்கு முன்பே பேருந்து நிலையத்தருகே உள்ள கடை, எழுதுபொருள் கடை என இரண்டிடத்திலாவது படிகளை வைத்துவிட வேண்டும். கடைக்காரருக்கு உரிய கழிவையும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். மாவட்டப் புத்தகத் திருவிழா நடைபெறும் காலமாயின் அங்கும் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டப்படி செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. 1954-ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, வெளியிட்ட முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். பலர் இதைச் செலவென்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது நூலுக்கு நாம் தரும் நீண்ட ஆயுள். பேட்டி ஒரு வாரம் பேசப்படும். நூலகத்தில் சேர்ந்த படி நூறாண்டு கழித்தும் ஒருவர் கையில் கிடைக்கும்.

வந்த பேட்டியை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஊர் நூலகரிடமோ பள்ளித் தலைமையாசிரியையிடமோ செல்லும்போது அதுவே அறிமுகச் சீட்டு. பிழையாக ஏதேனும் வெளிவந்திருந்தால் நிருபரிடம் சினவாமல் சரியான செய்தியை எழுதிக் கொடுத்தால் போதும். அவரும் நம் ஊரார்தாம். அடுத்த நூலுக்கும் அவர் வேண்டும்.

எல்லாம் செய்த பின்னும் முந்நூறு படிகளும் விற்றுவிடும் என்று உறுதி கூற இயலாது. பேட்டி கதவைத் தட்டும். கதவைத் திறப்பது படிப்பவர் விருப்பம். ஆயினும் தட்டாத கதவு திறந்ததில்லை.

மாணவிகளே, இவற்றைப் பழக நூல் எழுதும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். நம் ஆண்டு மலரே நம் முதல் அச்சுமேடை. உங்கள் தெருவில் சொந்தச் செலவில் நூல் வெளியிட்டுவிட்டு வாய் திறவாமல் இருப்பவர் யாரேனும் உண்டா என்று விசாரியுங்கள். எட்டுக் கேள்விகளை எழுதிக்கொண்டு, இரண்டிரண்டு பேராகச் சென்று, வணக்கம் கூறிப் பேட்டி காணுங்கள். எழுதியதை வெளியிடுமுன் அவரிடமே படித்துக் காட்டுங்கள். பெற்றோரும் பிள்ளைகளுடன் சென்று ஒரு படியை விலை கொடுத்து வாங்குவார்களானால், பரண்மேல் உள்ள கட்டு ஒன்று அன்றே பிரியும்.